ஒரு கட்டிலுக்கு இரண்டு மெத்தை: தம்பதியருக்கு ஏற்ற சரக்கைத் தேர்ந்து விற்பது எப்படி?

மளிகை வியாபாரிகள் படிக்கும் இதழில் மெத்தைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கொல்லிமலையில் கடை வைத்திருப்பவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் மளிகைக் கடை என்று பெயர்ப்பலகை இருந்தாலும், உள்ளே அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஆணிப் பெட்டியும், எண்ணெய் டின்னுக்கு மேலே கம்பளியும், கூரையில் கட்டித் தொங்கவிட்ட பாயும் தலையணையும் இருக்கும். மலையில் இருப்பவருக்கு ஒரு பொருள் வேண்டுமென்றால் காரவள்ளி வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். ஆகவே அவர் முதலில் வந்து கேட்பது நம் மளிகைக் கடைக்காரரைத்தான். இன்று அவர் கேட்கும் பொருள்களில் மெத்தையும் சேர்ந்துவிட்டது.

அடிவாரத்திலிருந்து மலைக்குச் சரக்கு ஏற்றும் மொத்த வியாபாரிகள் நாங்கள். கடந்த பல ஆண்டுகளாக மெத்தைக்கான ஆர்டர்கள் கூடி வருவதைக் கண்கூடாகப் பார்க்கிறோம். அதோடு கூடவே வரும் ஒரு புகாரையும் கேட்டு வருகிறோம். "ஏனுங்கண்ணா, நீங்க குடுத்த மெத்தை அவருக்கு நல்லாத்தான் இருக்குதுங்க. எனக்குக் கல்லு மேல படுத்தாப்பல இருக்குதுங்களே" என்று வீட்டுக்காரம்மா சொல்வார். இன்னொரு வீட்டில் இது தலைகீழாக இருக்கும். அம்மாவுக்குப் பிடித்த மெத்தை ஐயாவுக்குப் பள்ளத்தில் விழுந்தது போல இருக்கும். சரக்கில் குற்றமில்லை, விலையிலும் ஏமாற்றமில்லை. ஒரு மெத்தையில் படுப்பவர்கள் இரண்டு பேர் என்பதை விற்பவரும் வாங்குபவரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மிளகும் காப்பியும் விற்ற காசு கையில் புரளும் தை, மாசி மாதங்களில்தான் மலையில் பெரிய செலவுகள் நடக்கும். அந்தக் காசில் வாங்கிய மெத்தை ஒத்துப்போகவில்லை என்றால், கணவர் பாயை எடுத்துக்கொண்டு தரையில் படுப்பார், அல்லது மனைவி வாயைத் திறக்காமல் இடுப்பு வலியோடு பத்து வருடம் காலம் தள்ளுவார். மெத்தை தானிய மூட்டை வைக்கும் இடமாக மாறும். அந்த வீட்டார் அடுத்த பொருளுக்கு நம் கடைக்கு வர யோசிப்பார்கள். ஆகையால் இது நம் தொழில் சம்பந்தப்பட்ட விஷயமே ஆகும்.

ஒரே மெத்தை இருவருக்கும் ஏன் ஒத்துவருவதில்லை?

மெத்தை கெட்டியா, மிருதுவா என்பது மெத்தையை மட்டும் பொறுத்ததல்ல. அதன் மேல் படுப்பவரின் எடையைப் பொறுத்தது. நாமக்கல் பக்கம் லாரித் தொழிலில் இருக்கும் 80 கிலோ எடையுள்ள ஒருவர் படுக்கும்போது ஐந்து விரற்கடை அமுங்கும் மெத்தை, 48 கிலோ எடையுள்ள அவர் மனைவிக்கு இரண்டு விரற்கடைகூட அமுங்காமல் இருக்கலாம். அவருக்கு அது இதமான மெத்தை, அம்மாவுக்கு அது பலகை. அதுமட்டுமல்லாமல், ஒரே பரப்பில் எடை கூடியவர் பக்கம் பள்ளம் விழும்போது எடை குறைந்தவர் இரவு முழுவதும் அந்தப் பக்கமே சரிந்து கொண்டிருப்பார்.

இரண்டாவது காரணம் படுக்கும் விதம். மல்லாந்து படுப்பவருக்கு முதுகைத் தாங்கும் அளவுக்கு மெத்தை சற்றுக் கெட்டியாக இருக்க வேண்டும். ஒருக்களித்துப் படுப்பவரின் உடல் பாரம் தோளிலும் இடுப்பிலும் இறங்குகிறது. அந்த இரண்டு இடமும் சற்று அமுங்கினால்தான் முதுகெலும்பு நேராக நிற்கும். கெட்டி மெத்தையில் அவருக்குத் தோள் மரத்துப் போகும். மூன்றாவது காரணம் பழக்கம். சிறு வயது முதல் கோரைப்பாயில் படுத்து வளர்ந்தவருக்கும் மெத்தையில் படுத்து வளர்ந்தவருக்கும் ஒரே பொருள் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

"கெட்டி மெத்தைதான் முதுகுக்கு நல்லது" என்று நம்மில் பலர் வாடிக்கையாளரிடம் சொல்லி விற்கிறோம். இது எல்லாருக்கும் பொருந்தாது. ஸ்பெயின் நாட்டில் தீராத இடுப்பு வலி உள்ள 313 பேருக்கு, ஒரு பகுதியினருக்குக் கெட்டி மெத்தையும் மறு பகுதியினருக்கு நடுத்தர மெத்தையும் கொடுத்து 90 நாட்கள் கழித்துப் பார்த்தார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலியும் அதனால் வரும் முடக்கமும் அதிகம் குறைந்திருந்தன. இது 2003ஆம் ஆண்டு 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் வெளியானது. ஆகவே வலி என்று சொல்லி வருகிறவரிடம் கண்ணை மூடிக்கொண்டு கெட்டி மெத்தையைத் தலையில் கட்டக்கூடாது. 'ஆர்த்தோ' என்று உறையில் அச்சிட்டிருப்பதாலேயே அது மருந்தாகிவிடாது. வலி நீடித்தால் மருத்துவமனைக்குப் போய்க் காட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவதே நாணயமான வியாபாரம்.

வெளிநாட்டார் என்ன செய்கிறார்கள்?

ஜெர்மனி நாட்டில் தம்பதியரின் அகலமான கட்டிலில் தனித்தனியாக இரண்டு மெத்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவது சாதாரண வழக்கம். நடுவில் விழும் இடைவெளிக்கு அவர்கள் ஒரு கேலிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அந்த வழக்கத்தை அவர்கள் விட்டுவிடவில்லை. அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய ஒரு நிறுவனம், மெத்தைக்குள் இரண்டு பக்கமும் தனித்தனிக் காற்றுப் பைகள் வைத்து, அவரவர் பக்கத்தில் காற்றைக் கூட்டியும் குறைத்தும் கெட்டித்தன்மையை மாற்றிக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்து பெரும் வியாபாரம் செய்தது. மின்சாரமும் பம்பும் வேண்டிய அந்தச் சரக்கு மலைக் கடைக்குத் தோதுப்படாது. ஆனால் அவரவர் பக்கம் அவரவர்க்கு என்ற அடிப்படை நமக்கும் பொருந்தும்.

இதை நம் ஊர் மெத்தை தைப்பவர்கள் செய்ய முடியாதவர்கள் அல்லர். அளவும் பஞ்சு எடையும் சொன்னால் அப்படியே தைத்துக் கொடுக்கும் தொழில் அது. அதை மறந்துவிட்டு, கம்பெனி பையில் போட்டுக் கொடுத்ததை மட்டும் விற்பவர்களாக நாம் மாறிக்கொண்டிருக்கிறோம்.

சரக்கு வகைகளும் மலைச் சீதோஷ்ணமும்

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள கொல்லிமலையில் மழையும் பனிமூட்டமும் அதிகம். நாமக்கல் வெயிலில் நன்றாக இருக்கும் சரக்கு மலையில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இலவம் பஞ்சு: தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இதற்குப் பேர் போன சந்தை. பங்குனி, சித்திரையில் காய் வெடிக்கும் காலம் புதுச் சரக்கின் காலம். இந்தப் பஞ்சின் இழை உள்ளே குழல் போல் வெறுமையாக இருக்கும், மேலே மெழுகுப் பூச்சு இருக்கும். அதனால்தான் இது லேசாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கிறது. நீரில் எளிதில் நனையாமல் மிதப்பதால் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு உடுப்புக்குள்ளும் இதை அடைத்தார்கள். இந்தக் குணமே நமக்கு ஒரு சோதனையாகவும் உதவும். ஒரு பிடி பஞ்சைத் தண்ணீரில் போட்டால் சுத்த இலவம் நெடுநேரம் மிதக்கும், கலந்திருக்கும் கழிவுப் பருத்தி தண்ணீர் குடித்து அமிழும். இலவு காத்த கிளியின் கதை வாங்குகிறவருக்கு நேராமல் பார்த்துக்கொள்வது விற்கிறவரின் கடமை. மலையில் இதன் குறை என்னவென்றால், ஈரக் காலத்தில் வெயில் காட்டாவிட்டால் கட்டி தட்டி நாற்றம் வரும். வெயில் கண்ட நாளெல்லாம் உலர்த்த வேண்டும். மேலும் இது சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். கடையில் சாமி விளக்குக்கும் அடுப்புக்கும் அருகில் இதை அடுக்கவே கூடாது.

ரப்பர் கலந்த தென்னை நார்: நாரைச் சுருட்டி, ரப்பர் பால் தெளித்து, அமுக்கிச் செய்வது. காற்றோட்டம் உண்டு, நன்றாகத் தாங்கும், பொதுவாகக் கெட்டியான பக்கம் நிற்கும். மல்லாந்து படுக்கும் கனத்த உடம்புக்காரருக்கு ஏற்றது. ஆனால் இதை மடக்கி வண்டியில் திணித்தால் உள்ளே விரிசல் விட்டு அந்த இடத்தில் பள்ளம் விழும்.

ஃபோம்: இதில் நம் வியாபாரிகள் பலர் குழம்பும் ஒரு விஷயம் உண்டு. '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்கிறார்களே, அது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. அது பெரும்பாலும் உழைப்பைக் காட்டும், கெட்டித்தன்மையைக் காட்டாது. 40 டென்சிட்டியில் மிருதுவான ஃபோமும் உண்டு, 32இல் கெட்டியான ஃபோமும் உண்டு. "டென்சிட்டி கூட, அதனால் கெட்டி" என்று சொல்லி விற்றால் வாடிக்கையாளர் திரும்பி வருவார். டென்சிட்டியைத் தனியாகவும் கெட்டித்தன்மையைத் தனியாகவும் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

மெமரி ஃபோம்: அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவுக்காக 1966இல் உருவான பொருள். உடல் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்துக்கு ஏற்ப அமுங்கும். சூட்டில் இளகும் பொருள் குளிரில் இறுகும் என்பதை மலைக் கடைக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டும். நாமக்கல் கடையில் மத்தியான வெயிலில் தொட்டுப் பார்க்கும்போது வெண்ணெய் போல் இருப்பது, மார்கழி இரவில் செம்மேட்டில் படுக்கும்போது முதல் கால் மணி நேரம் விறைப்பாக இருக்கும். விற்குமுன் இதைச் சொல்லிவிட்டால் புகார் வராது.

லேட்டக்ஸ்: ரப்பர் பாலை நுரைக்க வைத்துச் செய்வது. 1929இல் இங்கிலாந்தின் டன்லப் கம்பெனியில் கண்டுபிடித்த முறை இன்றும் நடக்கிறது. அமுங்கினாலும் உடனே எழும்பும், நெடுநாள் உழைக்கும், குளிருக்கு அவ்வளவாக இறுகாது. எடையும் விலையும் அதிகம். முழு மெத்தையாக வாங்க முடியாதவருக்கு இரண்டு அங்குல மேல்விரிப்பாக விற்கலாம்.

ஸ்பிரிங்: மலிவான ரகத்தில் கம்பிகள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் ஒருவர் புரண்டால் மற்றவருக்கு ஆட்டம் தெரியும். ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப் பையில் இருக்கும் ரகத்தில் இந்த ஆட்டம் குறைவு. ஆனால் 70 வளைவு ஏறும் சிறிய வண்டியில் மடக்க முடியாத இந்தச் சரக்கை ஏற்றும் கூலியையும் சேர்த்துத்தான் விலை சொல்ல வேண்டும்.

தம்பதியருக்கு நான்கு வழிகள்

முதல் வழி, இரண்டு ஒற்றை மெத்தை. கட்டில் ஆறடி அகலம் என்றால் 72க்கு 36 அல்லது 78க்கு 36 அங்குல அளவில் இரண்டு. ஒன்று கெட்டி, ஒன்று மிருது. உயரம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், அரை அங்குலம் ஏறி இறங்கினாலும் இரவில் உறுத்தும். இரண்டையும் சேர்த்து ஒரே உறை போட்டு, மேலே ஒரு கனத்த ஜமக்காளமோ மெல்லிய மேல்விரிப்போ விரித்தால் நடு இடைவெளி தெரியாது. ஐந்தடிக் கட்டிலுக்கு 30 அங்குலத்தில் இரண்டாகச் செய்யச் சொல்ல வேண்டும். மலை வீடுகளின் சிறிய வாசலிலும் குறுகிய பாதையிலும் ஆறடி மெத்தையைத் தூக்கிச் செல்வதைவிட மூன்றடி மெத்தையைத் தூக்கிச் செல்வது எளிது என்பது இதில் கூடுதல் வசதி.

இரண்டாவது வழி, ஒரே உறைக்குள் இரண்டு பாதி. உறையில் ஜிப் இருக்கும். உள்ளே இடது பாதிக்கும் வலது பாதிக்கும் தனித்தனி அடுக்குகள் இருக்கும். நார் அடுக்கின் மேல் மிருதுவான ஃபோம் வேண்டுமா, கெட்டி ஃபோம் வேண்டுமா என்று பாதிக்குப் பாதி மாற்றிக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் மேல் அடுக்கை மட்டும் மாற்றினால் போதும்.

மூன்றாவது வழி, நடுத்தர மெத்தையும் பாதி மேல்விரிப்பும். இருவருக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் கெட்டிக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்ட ஒரே மெத்தையைக் கொடுத்து, மிருது வேண்டியவர் பக்கம் மட்டும் மூன்றடி அகல மேல்விரிப்பு போடலாம். செலவு குறைந்த வழி இது. ஏற்கெனவே மெத்தை வாங்கிவிட்டு வருந்துகிறவருக்கும் இதையே சொல்லலாம்.

நான்காவது வழி, இலவம் பஞ்சு மெத்தையில் நடுத்தடுப்பு. மெத்தைத் துணியின் நடுவில் நீளவாக்கில் ஒரு துணித் தடுப்பு தைத்து, இரு பக்கமும் பஞ்சை வெவ்வேறு எடையில் அடைக்கச் சொல்ல வேண்டும். ஒரே பையில் பஞ்சு கூடினால் கெட்டி, குறைந்தால் மிருது. கணக்குக்காகச் சொல்வதென்றால் ஒரு பக்கம் எட்டு கிலோ, மறு பக்கம் பத்து கிலோ. மெத்தை தைப்பவர் கை பார்த்துச் சரி செய்வார். ஓராண்டு கழித்துப் பிரித்துப் பஞ்சைக் கூட்டவோ குறைக்கவோ முடியும் என்பது எந்தக் கம்பெனி மெத்தையிலும் இல்லாத வசதி.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'இரு பக்கமும் உபயோகிக்கலாம், ஒரு பக்கம் கெட்டி, ஒரு பக்கம் மிருது' என்று விளம்பரம் வரும் மெத்தைகளில் பெரும்பாலானவை மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் மாறுபட்டவை. புரட்டிப் போட்டால் மாறும். அதில் இருவரும் ஒரு சமயத்தில் ஒரே தன்மையில்தான் படுக்க முடியும். தம்பதியருக்கு வேண்டியது இடமும் வலமும் மாறுபட்ட மெத்தை. இந்த இரண்டையும் குழப்பி விற்பதால் வரும் தகராறுகள் கொஞ்சநஞ்சமல்ல.

வாடிக்கையாளரிடம் கேட்பது எப்படி?

படுத்துப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்வது சுலபம். ஆனால் நான்கு ஆண்கள் நிற்கும் கடையில் ஒரு பெண் மெத்தையில் படுத்துப் பார்ப்பாரா? அதை எதிர்பார்க்கவே கூடாது. கடையின் உட்புறத்தில் ஒரு திரை போட்டு, நம் வீட்டுப் பெண்கள் யாரேனும் கூட இருந்தால் சிலர் சம்மதிப்பார்கள். இல்லாவிட்டால் கேள்விகளால் அறிய வேண்டியதுதான்.

பெரும்பாலும் கணவர் பேசுவார், மனைவி "அவங்க சொல்றதுதாங்க" என்று ஒதுங்கி நிற்பார். அங்கேதான் வியாபாரி நிதானிக்க வேண்டும். "அண்ணி, நீங்க சொல்லுங்க. இப்ப எதுல படுக்கறீங்க, பாயா, கயித்துக் கட்டிலா? காலையில எந்திரிக்கறப்ப எங்க வலிக்குதுங்க?" என்று அவரிடம் நேராகக் கேட்க வேண்டும். இடுப்புக்குக் கீழே துணி மடித்து வைத்துக்கொள்கிறாரா, ஒருக்களித்துப் படுக்கிறாரா, தோள் மரத்துப் போகிறதா என்பதெல்லாம் இதில் தெரிந்துவிடும். கல்யாணச் சீருக்கென்று பெண்ணின் தகப்பனார் வந்து மெத்தை கேட்டால், படுக்கப்போகிற இருவரும் அங்கே இருக்க மாட்டார்கள். அப்போது நடுத்தரமான இரண்டு ஒற்றை மெத்தைகளைக் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் ஒன்றுக்கு மேல்விரிப்பு வேண்டுமானால் சலுகை விலையில் தருகிறோம் என்று எழுதிக் கொடுப்பது நல்லது.

படுத்துப் பார்க்கச் சம்மதிப்பவருக்கு ஒரு எளிய சோதனை உண்டு. பத்து நிமிடமாவது மல்லாந்து படுக்கச் சொல்லி, அவருடைய இடுப்புப் பள்ளத்தில் அவர் கையையே நுழைக்கச் சொல்ல வேண்டும். கை தாராளமாகப் போய் இடம் மிச்சமிருந்தால் மெத்தை கெட்டி. நுழையவே மறுத்தால் மெத்தை மிருது. சிரமப்படாமல் ஒட்டிக்கொண்டு நுழைந்தால் சரி. ஒருக்களித்துப் படுக்கும்போது, துணைவர் பின்னால் நின்று முதுகெலும்பு நேர்கோடாக இருக்கிறதா என்று பார்க்கலாம்.

கட்டிலையும் கேட்க வேண்டும். வலை தொய்ந்துபோன இரும்புக் கட்டிலின் மேல் எந்த மெத்தையைப் போட்டாலும் பள்ளம்தான். முதலில் ஒரு பலகை போடுங்கள், பிறகு மெத்தையைப் பார்ப்போம் என்று சொல்லி ஒரு வியாபாரத்தைத் தள்ளிப்போட்டாலும் நஷ்டமில்லை. அந்த நம்பிக்கை திரும்ப வரும்.

கணக்கும் காகிதமும்

மளிகைக் கடைக்காரர் மெத்தையை இருப்பு வைக்க வேண்டியதில்லை. இடமும் முதலும் முடங்கும். கெட்டி, நடுத்தரம், மிருது என்று இரண்டடிச் சதுரத்தில் மூன்று மாதிரித் துண்டுகள் இருந்தால் போதும். ஆர்டர் வந்தால் அளவு எடுத்து, பாதித் தொகை முன்பணம் வாங்கி, சீட்டு எழுத வேண்டும்.

அந்தச் சீட்டில் கட்டிலின் உள் அளவு, வீட்டு வாசல் அகலம், மெத்தை உயரம், எந்தப் பக்கம் எந்தத் தன்மை ஆகியவை இருக்க வேண்டும். இடம், வலம் என்பதில் தவறு வரும். கால்மாட்டில் நின்று பார்த்தால் ஒரு கணக்கு, படுத்திருப்பவருக்கு ஒரு கணக்கு. ஆகவே 'மல்லாந்து படுத்திருப்பவரின் இடது கைப் பக்கம்' என்றே முழுதாக எழுதிவிடுவது நல்லது. மெத்தை வந்ததும் உறையின் ஓரத்தில் இரண்டு நிற நூலால் அடையாளம் தைத்துவிட்டால் விரிப்பு மாற்றும்போது பக்கம் மாறாது.

சொந்த அளவுக்குச் செய்த மெத்தையைத் திருப்பி எடுத்தால் வேறு ஒருவருக்கு விற்க முடியாதே என்ற பயம் நியாயமானது. அதற்காகத்தான் முதல் வழியை நாங்கள் பெரிதும் சிபாரிசு செய்கிறோம். 72க்கு 36 என்பது எங்கும் ஓடும் அளவு. ஒரு பாதி ஒத்துவரவில்லை என்றால் அந்த ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும். திரும்பி வந்த ஒற்றை மெத்தையை, விஷயத்தைச் சொல்லி, விலை குறைத்து, ஒற்றைக் கட்டில்காரருக்குக் கொடுக்கலாம். ஆறடி மெத்தை ஒன்று திரும்பினால் முழு முதலும் முடங்கும், ஒற்றை திரும்பினால் பாதிகூட முடங்காது.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ரசீது கொடுக்க மறுப்பது அதன்படி முறையற்ற வணிகச் செயல். பழுதான பொருளை, ரசீதில் குறித்த காலத்துக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. ரசீதில் காலம் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் 30 நாள் என்று சட்டமே வைத்துக்கொள்கிறது. ஆகவே பழுது என்றால் என்ன, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், பழுதில்லாமல் பிடிக்காமல் போனால் என்ன ஏற்பாடு, வண்டிக்கூலி யார் தலையில் என்பதையெல்லாம் தமிழில் நான்கு வரி அச்சிட்டு ரசீதில் வைத்துவிட வேண்டும். வாய்ச்சொல் மலை இறங்குவதற்குள் மாறிவிடும், எழுத்து மாறாது.

விடுதிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் வருகிறவர்கள், ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவுக்கு வருகிறவர்கள் என்று மலையில் தங்குவோர் உண்டு. விடுதி நடத்தும் அன்பர்கள் அறைக்கு ஒரு பெரிய மெத்தை வாங்குவதைவிட இரண்டு ஒற்றை மெத்தைகள் வாங்கினால், தம்பதியர் வந்தால் சேர்த்துப் போடலாம், நண்பர்கள் வந்தால் பிரித்துப் போடலாம். ஒன்று கெட்டியாகவும் ஒன்று நடுத்தரமாகவும் வைத்தால் வருகிறவர் தமக்கு ஏற்ற பக்கத்தை எடுத்துக்கொள்வார். ஈரம் அதிகமுள்ள மலையில் கழற்றித் துவைக்கும் உறையும், வாரம் ஒரு முறை மெத்தையைச் சுவரில் சாய்த்துக் காற்றாட விடுவதும் கட்டாயம்.

செல்போனில் ஒரு பட்டனைத் தட்டினால் மெத்தை வீடு தேடி வரும் காலம் இது. நூறு நாள் படுத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பித் தாருங்கள் என்றுகூடச் சில கம்பெனிகள் சொல்கின்றன. அந்த முதலீட்டோடு நாம் போட்டி போட முடியாது. ஆனால் இந்த வீட்டு ஐயா எத்தனை கனம், அந்த வீட்டு அம்மாவுக்கு எந்தத் தோள் வலி, அவர்கள் வாசல் எத்தனை அகலம் என்பது எந்தக் கம்பெனிக்கும் தெரியாது, நமக்குத் தெரியும். அந்த அறிவைச் சரக்கோடு சேர்த்து விற்கிற கடைக்கு வாடிக்கை குறையாது. மிளகு சீசன் தொடங்குவதற்கு முன்பாகவே மாதிரித் துண்டுகளையும் ரசீதுப் புத்தகத்தையும் தயார் செய்து வைக்குமாறு மலை வியாபாரிகள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.